ஒலிப்புத்தகங்கள்: கேட்பவர்களின் சந்தேகங்களும் என் அபிப்பிராயங்களும்

நான் ஒலிப்புத்தகங்கள் நிறையக் கேட்பவன் என்று தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் தகவலோடு என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. ஆடியோ புக் கேட்டுட்டு, அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்னு சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வரலாற்று நூலின் பகுதிகளை ஒரு குழு கேட்டது, இன்னொரு குழு திரையில் படித்தது, மூன்றாவது குழு படித்துக்கொண்டே கேட்டது. உடனே சோதித்தபோதும் சரி, இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் சரி, மூன்று குழுக்களின் புரிதலிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2019-இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வும் உண்டு. ஒரே கதையைக் காதால் கேட்டாலும் கண்ணால் படித்தாலும், பொருளைப் புரிந்துகொள்ளும்போது மூளையின் ஒரே பகுதிகள் ஏறக்குறைய ஒரே விதமாக இயங்குவதை அது காட்டியது.

ஆனால் பாடப்புத்தகம் வேறு. 2010-இல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், பாடத்தை ஒலிவடிவில் கேட்டவர்கள் அச்சில் படித்தவர்களைவிடத் தேர்வில் குறைந்த மதிப்பெண்ணே எடுத்தார்கள். அடிக்கோடு போட்டு, திரும்பிப் பார்த்து, முந்தைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியதைக் காதிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். கதை, பயணம், தன்வரலாறு போன்றவற்றுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை.

2. இது சோம்பேறிகளுக்காகப் புதுசா வந்த பழக்கம் தானே?

இல்லை. எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கிய மறு ஆண்டே, அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது பார்வையற்றோருக்குப் பேசும் புத்தகங்களையும் சேர்த்துக்கொண்டார். பிரிட்டனில் 1935-இல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்தவர்களையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய சேவை அது. முதலில் வந்த நூல்களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும், ஜோசப் கான்ராடின் கடல்கதை ஒன்றும் உண்டு. ஒரு நாவலுக்குப் பல இசைத்தட்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

இன்று நமக்குக் கிடைக்கும் வசதி, பார்வையற்ற வாசகர்கள் கேட்டுப் பெற்ற உரிமையிலிருந்து வளர்ந்தது. அது தெரிந்தபின் சோம்பேறித்தனம் என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது.

3. முதல்ல எந்த மாதிரி புத்தகம் கேட்டா ஒட்டும்?

ஏற்கனவே படித்துப் பிடித்த புத்தகம் நல்ல தொடக்கம். கதை தெரியும் என்பதால் ஓர் இடம் தவறினாலும் பதற்றம் வராது, குரலைக் கவனிக்கவும் அவகாசம் கிடைக்கும். அதற்கு அடுத்தபடியாக, ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் நூல். ‘நான்’ என்று தொடங்கும் எழுத்து காதுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

முதல் தடவையே நாற்பது பாத்திரங்களும் மூன்று தலைமுறையும் வரும் நாவலை எடுக்க வேண்டாம். அச்சில் படிக்கும்போது ‘இவர் யார்?’ என்று பின்னால் புரட்டலாம், ஒலியில் அது சிரமம். நீளத்தையும் பாருங்கள். ஆங்கில நூல்களில் ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் 9,300 சொற்கள் என்று பதிவுத் துறையில் கணக்கு வைக்கிறார்கள். நடுத்தர நாவல் ஒன்று ஒன்பது, பத்து மணி நேரம் ஓடும். ஆறு மணி நேரத்துக்குள் முடிவதாக எடுத்துக்கொண்டால் முடித்த திருப்தியும் சீக்கிரம் கிடைக்கும்.

4. கேட்டுட்டே இருக்கும்போது மனசு எங்கேயோ போயிடுது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். 2013-இல் இதையே அளந்து பார்த்தார்கள். மௌனமாகப் படிப்பது, வாய்விட்டுப் படிப்பது, பிறர் வாசிக்கக் கேட்பது ஆகிய மூன்றில் கேட்கும்போதுதான் கவனம் அதிகம் சிதறியது. காரணம் ஊகிக்கக்கூடியதே. படிக்கும்போது மனம் விலகியது தெரிந்ததும் கண் விட்ட வரிக்கே திரும்பிவிடலாம். குரலோ நமக்காகக் காத்திருக்காது.

முப்பது விநாடி பின்னால் போகும் பொத்தானைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். ஒரு புத்தகத்தின் முதல் அரை மணி நேரத்தை வேறு எதுவும் செய்யாமல் கேட்டால் பெயர்கள் மனத்தில் பதியும், பிறகு கவனம் அவ்வளவாகச் சிதறாது. வாசிப்பு மிகவும் மெதுவாக இருப்பதும் மனம் அலைய ஒரு காரணம் (பதில் 8).

5. எந்த வேலை செய்யும்போது கேட்கலாம்?

சொற்கள் தேவைப்படாத வேலை எதுவானாலும் சரி. நடப்பது, துணி மடிப்பது, பாத்திரம் துலக்குவது, வரைவது. மின்னஞ்சல் எழுதிக்கொண்டு கேட்க முடியாது, இரண்டுக்கும் மொழி வேண்டும். பழகிய சாலையில் வண்டி ஓட்டும்போது கேட்கலாம். நெரிசலிலும் புது வழியிலும் நிறுத்திவிடுங்கள்.

6. சுருக்கப் பதிப்பு கேட்டா போதுமா?

கதைக்குப் போதாது என்பேன். ஒலிநாடாக் காலத்தில் இரண்டு, நான்கு நாடாக்களுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அதனால் பெரிய நாவல்களை மூன்று அல்லது ஆறு மணி நேரத்துக்கு வெட்டினார்கள். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. வெட்டும்போது முதலில் போவது வருணனையும் துணைப் பாத்திரங்களும். சம்பவங்கள் மிஞ்சும், ஆனால் அந்த எழுத்தாளர் ஏன் முக்கியமானவர் என்பது தெரியாமல் போகும். வாங்குமுன் ‘முழுமையானது’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

7. இலவசமா கிடைக்கறது நல்லா இருக்குமா?

லிப்ரிவாக்ஸ் என்று ஓர் அமைப்பு 2005-இலிருந்து இயங்குகிறது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தரம் ஏறி இறங்கும். ஒரே நாவலில் அத்தியாயத்துக்கு ஒருவர் வாசித்திருந்தால் குரலும் உச்சரிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவரே முழுதாக வாசித்ததைத் தேடி எடுங்கள். அந்தத் தன்னார்வலர்களில் சிலர் தொழில்முறை வாசிப்பாளர்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுத்து வாசிப்பவரின் குரலில் ஒரு பிரியம் தெரியும். அது காசு கொடுத்துக் கேட்கும் பதிவுகளிலும் எப்போதும் கிடைப்பதில்லை.

8. ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வேகத்துல கேட்கறது தப்பா?

தப்பில்லை. ஆங்கிலத்தில் வாசிப்பாளர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150, 160 சொற்கள் வாசிக்கிறார்கள். கண்ணால் மௌனமாகப் படிப்பவரின் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 240 சொற்கள். ஆக, ஒன்றரை மடங்கு வேகம் என்பது நம் கண்ணின் இயல்பான வேகம்தான். குரல் கீச்சென்று ஆகாமல் வேகம் மட்டும் கூடும்படி செயலிகள் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் வேகத்தைக் கூட்டும்போது இடைவெளிகளும் சுருங்குகின்றன. ஒரு மரணச் செய்திக்குப் பிறகு வாசிப்பாளர் விட்ட இரண்டு விநாடி மௌனம் ஒரு விநாடியாகிவிடும். அந்த மௌனமும் வாசிப்பின் பகுதி. அதனால் தகவல் நூல்களுக்கு வேகத்தைக் கூட்டுவேன், கதைக்கு இயல்பான வேகத்தை விடமாட்டேன். ஒரு கதையை இரண்டு மடங்கில் ஓட்டத் தோன்றினால் அந்தக் கதையோ குரலோ நமக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

9. நல்ல வாசிப்புன்னு எதை வெச்சுச் சொல்றீங்க? குரல் நல்லா இருந்தா போதாதா?

குரல் வளம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் முதலில் பார்ப்பது, வாசிப்பவர் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொண்டு வாசிக்கிறாரா என்பதை. ‘அவன் நேற்று அவளிடம் பணம் கேட்கவில்லை’ என்று ஒரு வரி. ‘அவன்’ என்பதில் அழுத்தம் விழுந்தால் வேறொருவன் கேட்டிருக்கிறான். ‘நேற்று’ என்பதில் விழுந்தால் வேறொரு நாள் கேட்டிருக்கிறான். ‘பணம்’ என்பதில் விழுந்தால் வேறு ஏதோ கேட்டிருக்கிறான். முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று தெரிந்தவரால்தான் சரியான இடத்தில் அழுத்த முடியும். கம்பீரமான குரலில் தப்பான சொல்லை அழுத்திக்கொண்டே போகும் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும், ஏன் என்றுகூடத் தெரியாது.

இதற்கு நான் காட்டும் உதாரணம் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலுக்கு ஜூலியட் ஸ்டீவன்சன் தந்த வாசிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் அது. ஒரு வாக்கியம் தொடங்கி, இடையில் ஒரு கிளை விட்டு, அதற்குள் இன்னொரு கிளை விட்டு, அப்புறம் தான் முற்றுப்புள்ளிக்கு வரும். அச்சில் இரண்டு தடவை படிக்க வேண்டிய வரிகள் அவர் குரலில் ஒரே தடவையில் விளங்குகின்றன. எது முக்கிய இழை, எது கிளை என்று குரலைச் சற்று ஏற்றி இறக்கியே காட்டிவிடுகிறார். ஆசிரியர் ஒரு பாத்திரத்தைப் பார்த்து மெல்லச் சிரிக்கும் இடங்களில் அவர் குரலிலும் அந்தச் சிரிப்பு மிகச் சிறிதாக வருகிறது. மூன்று மடங்கு அதிகமாக நடித்திருந்தாலும் இந்த அளவுக்கு எடுபட்டிருக்காது.

இன்னொன்று, அடக்கம். பாத்திரம் அழும்போது வாசிப்பவரும் விம்ம வேண்டியதில்லை. அவர் விம்மினால் எனக்கு அழ இடமில்லாமல் போகிறது. எழுத்து ஏற்கனவே சொன்னதைக் குரல் மறுபடி சொல்லத் தேவையில்லை என்று தெரிந்தவர்களே எனக்குப் பிடித்த வாசிப்பாளர்கள்.

10. வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷ சாம்பிள் கேட்டா என்ன தெரிஞ்சிடும்?

கேட்கத் தெரிந்தால் நிறையத் தெரியும். பெரும்பாலும் மாதிரித் துண்டு நூலின் தொடக்கமாக இருக்கும். முன்னுரை மட்டும் வந்தால் பயனில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடம் வருகிறதா பாருங்கள். ‘என்றான்’, ‘என்றாள்’ வருவதற்கு முன்பே யார் பேசுவது என்று புரிகிறதா? அதே சமயம் பேச்சிலிருந்து வருணனைக்குத் திரும்பும்போது குரல் அலட்டிக்கொள்ளாமல் திரும்புகிறதா?

வாக்கிய முடிவுகளையும் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ராகத்தில் இறங்கி முடிந்தால், ஐந்து நிமிடத்தில் தாங்கிக்கொள்வீர்கள், ஐந்தாவது மணி நேரத்தில் முடியாது. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கருவியிலேயே, வழக்கமான இரைச்சலிலேயே மாதிரியைக் கேளுங்கள். அமைதியான அறையில் அழகாக ஒலிக்கும் மெல்லிய குரல் தெருவில் காணாமல் போய்விடும்.

11. எழுதினவரே வாசிச்சா அதுதானே பெஸ்ட்?

தன்வரலாறு என்றால் பெரும்பாலும் ஆம். ட்ரெவர் நோவா தன் இளமைக்காலத்தைப் பற்றி எழுதிய ‘பார்ன் எ கிரைம்’ நூலை அச்சில் படித்தவர்களிடமும் ஒலியில் கேட்கச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் பல மொழிகளுக்குள் வளர்ந்தவர் அவர். மொழி மாற்றிப் பேசியே ஆபத்திலிருந்து தப்பிய கதைகள் அதில் உண்டு. அந்த மொழிகளை அவரே பேசுவதையும், தன் அம்மாவின் குரலில் அதட்டுவதையும் அச்சு தர முடியாது. பராக் ஒபாமா தன் இளமைக்கால நூலை வாசித்ததற்கு 2006-இல் கிராமி விருதே கிடைத்தது.

நாவலாசிரியர்கள் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். டோனி மாரிசன் தன் நாவல்களைத் தானே வாசித்தார். தாழ்ந்த குரல், மெதுவான வாசிப்பு, சில இடங்களில் ஏறக்குறைய முணுமுணுப்பு. சத்தமான இடத்தில் கேட்டவர்கள் எதுவும் கேட்கவில்லை என்று குறைப்படுவதுண்டு. எனக்கோ ‘பிலவ்ட்’ நாவலை வேறு யார் குரலிலும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வரியை எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பது எழுதும்போதே அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் நன்றாக எழுதும் எல்லோருக்கும் இந்தத் திறன் இருக்காது. தன் எழுத்தைத் தானே தயங்கித் தயங்கி வாசிக்கும் ஆசிரியரைவிட, பழகிய வாசிப்பாளர் ஒருவர் அந்த எழுத்துக்கு நல்லது செய்வார்.

12. ஆம்பளை வாசிக்கும்போது பொண்ணு பேசற இடம் சிரிப்பா இருக்கே?

குரலை மெலிதாக்கிக் கொஞ்சலாகப் பேசினால் சிரிப்புதான் வரும். நல்ல வாசிப்பாளர்கள் சுருதியைத் தொடுவதே இல்லை. வேகத்தை, மூச்சை, சொல்லின் எடையை மாற்றுகிறார்கள். அவசரமாகப் பேசும் பெண், யோசித்துப் பேசும் பெண் என்று குணத்தைப் பிடித்தால் போதும், ஆண் குரல் என்பது சில நிமிடங்களில் மறந்துவிடும். பெண்கள் ஆண் பாத்திரத்துக்குக் கரகரப்பைக் கூட்டுவதும் இதே தவறுதான். குழந்தைக் குரல் இன்னும் மோசம். எட்டு வயதுப் பிள்ளை மழலை பேசாது.

13. பல பேர் சேர்ந்து வாசிக்கறது, பின்னணி இசை எல்லாம் உங்களுக்குப் பிடிக்குமா?

நூலுக்கு அது தேவைப்பட்டால் பிடிக்கும். ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘லிங்கன் இன் தி பார்டோ’ ஒலிவடிவம் 2017-இல் 166 குரல்களோடு வந்தது. வெறும் ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆனால் அந்த நாவலே இறந்தவர்களின் கூட்டப் பேச்சாலும் மேற்கோள் துணுக்குகளாலும் ஆனது. ஒருவர் குரலில் அது அடங்காது. தொடக்கத்தில் யார் யார் என்று குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால் அந்த இரைச்சலே இடுகாட்டின் குரலாகப் பழகிவிடும்.

ஒலிச் சேர்ப்புக்கும் இதுவே என் அளவுகோல். ஆண்டி வியரின் ‘ப்ராஜெக்ட் ஹெயில் மேரி’ நூலில் ஒரு பாத்திரம் சுரங்களாலேயே பேசும். ரே போர்ட்டர் வாசித்த பதிவில் அந்தச் சுரங்களை நிஜமாகவே கேட்கிறோம். அச்சில் கற்பனை செய்ய வேண்டியிருந்ததை ஒலி நிறைவு செய்கிறது. மற்றபடி, மழை என்றதும் மழைச் சத்தமும் சோகம் என்றதும் வயலினும் போடுவது வாசிப்பவர் மேலும் கேட்பவர் மேலும் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகிறது. அதற்கு வானொலி நாடகமே கேட்கலாம், அது தனிக் கலை.

14. ஒரே புத்தகத்துக்கு ரெண்டு பேர் வாசிச்சது இருக்கு. எதை எடுக்கறது?

ஹாரி பாட்டர்தான் எல்லோரும் சொல்லும் உதாரணம். பிரிட்டன் பதிப்புக்கு ஸ்டீபன் ஃப்ரை, அமெரிக்கப் பதிப்புக்கு ஜிம் டேல், ஏழு பாகங்களும். டேல் ஒவ்வொரு பாத்திரத்தையும் நடித்துக் காட்டுகிறார். ஐந்தாம் பாகத்தில் அவர் தந்த 134 தனிக்குரல்களுக்கு உலக சாதனை என்ற பெயரே கிடைத்தது. ஃப்ரையின் பதிவில் கதை சொல்பவரின் குரல்தான் மையம், பாத்திரங்கள் அதற்குள்ளிருந்து எழுந்து பேசிவிட்டு மறுபடி அடங்குகிறார்கள்.

எனக்கு ஃப்ரை. ஒருவர் எதிரில் உட்கார்ந்து கதை சொல்லும் நிம்மதி அதில் கிடைக்கிறது. சிறு பிள்ளைகளோடு சேர்ந்து கேட்பதாக இருந்தால் டேல் பொருத்தம், யார் பேசுவது என்று அவர்கள் கேட்கவே வேண்டியிருக்காது. பொதுவாகச் சொன்னால், சம்பவம் நிறைந்த கதைக்கு நடிப்பவரையும், நடையால் வாழும் கதைக்குச் சொல்பவரையும் எடுங்கள். இரண்டு மாதிரிகளிலும் ஒரே பக்கத்தைக் கேட்டு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

15. தொடர் நாவல்ல நடுவுல குரல் மாறிடுச்சு. தொடரவே மனசு வரல. என்ன செய்ய?

இது சின்ன விஷயம் இல்லை. முப்பது மணி நேரம் ஒரு குரலோடு வாழ்ந்தபின் அந்தப் பாத்திரம் வேறு குரலில் பேசினால் ஆள் மாறாட்டம் நடந்துவிட்டது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் முதல் மூன்று பாகங்களை ராய் டோட்ரிஸ் வாசித்தார், நான்காவது முதலில் ஜான் லீ குரலில் வந்தது. பின்னாளில் அந்தப் பாகத்தையும் டோட்ரிஸே மறுபடி பதிவு செய்தார். கேட்பவர்களுக்குக் குரல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி.

மறுபதிவு வராத நிலையில், இரண்டு பாகங்களுக்கு நடுவே வேறொரு புத்தகத்தைக் கேளுங்கள். பழைய குரலின் நினைவு சற்று மங்கட்டும். புதியவரை இரண்டு மணி நேரமாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பாகத்தை அச்சில் படியுங்கள். அப்போது பழைய குரலே மனத்துக்குள் வாசித்துக் கொடுக்கும்.

16. தமிழ் ஒலிப்புத்தகம் கேட்டா ஏனோ செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு. ஏன்?

நம் உரைநடையும் நம் பேச்சும் வெகு தூரத்தில் இருப்பதுதான் காரணம். ‘அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்’ என்று இயல்பாக வாய்விட்டுச் சொல்லும் சூழல் நமக்குச் செய்தியிலும் மேடையிலும்தான் உண்டு. எழுத்துத் தமிழைக் கண்டதும் பலருக்கும் அந்த இரண்டு தொனிகளில் ஒன்று தானாக வந்துவிடுகிறது. நல்ல வாசிப்பாளர் எழுத்தை மாற்றாமல் தொனியை மட்டும் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார். சிலர் ஆசிரியர் எழுத்துத் தமிழில் எழுதிய உரையாடலையும் பேச்சுத் தமிழாக மாற்றி வாசிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாத்திரம் எப்படிப் பேச வேண்டும் என்று ஆசிரியர் எடுத்த முடிவு அது. வட்டார வழக்கில் எழுதப்பட்ட நூலுக்கு அந்த வழக்கை வீட்டில் பேசி வளர்ந்தவரே வாசிக்க வேண்டும். வெளியாள் போலி செய்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ல, ள, ழ வேறுபாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைவிட நுட்பமான சிக்கல், நம் எழுத்து வல்லினத்தின் மென்மையையும் அழுத்தத்தையும் காட்டுவதில்லை என்பது. நடனக் கலைஞரைப் பற்றிய கட்டுரையில் ‘முகத்தில் பாவம் தெரிந்தது’ என்று வந்தால், அது முகபாவமா, இரக்கத்துக்குரிய பாவமா என்று பொருளறிந்துதான் உச்சரிக்க முடியும். ஆண்டுகளும் அப்படித்தான். எண்ணில் எழுதியிருப்பதை ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து’ என்று முழுதாகச் சொல்லும் பொறுமை வேண்டும். ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் ஆங்கிலத்திலும் ஆண்டைச் சொன்னால் காது இடறுகிறது. கடைசியில் எல்லாம் பதில் 9-இல் சொன்ன இடத்துக்கே வருகிறது.

17. கவிதை, படமும் அட்டவணையும் உள்ள புத்தகம் எல்லாம் கேட்கலாமா?

கவிதையைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கவிதைக்கு மேல் வேண்டாம். வணிக ரீதியான ஒலிநூல் தொழிலின் பழைய வெற்றிகளில் ஒன்றே கவிஞரின் குரல்தான். 1952-இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய கேட்மன் நிறுவனம் டிலன் தாமஸைப் பதிவு செய்துதான் பெயர் பெற்றது.

அட்டவணை, வரைபடம், அடிக்குறிப்பு நிறைந்த நூல்களை ஒலியில் மட்டும் வாங்க வேண்டாம். படங்களுக்குத் தனிக் கோப்பு இணைத்துத் தருகிறார்கள், ஆனால் நடந்துகொண்டே யார் அதைத் திறந்து பார்ப்பது?

18. சில பதிவு நல்லா வாசிச்சும் காதுக்கு அலுப்பா இருக்கு. என் காதுல கோளாறா?

பெரும்பாலும் பதிவில்தான் கோளாறு. ஒலிநூல் தயாரிப்புத் தளமான ஏசிஎக்ஸ், சராசரி ஒலியளவு (பதிவில் உச்ச ஒலியைப் பூஜ்யமாக வைத்து, அதற்குக் கீழே மைனஸில் எண்ணுவார்கள்) மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள்ளும், அறையின் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இதைப் பின்பற்றாத பதிவில் ஒரு அத்தியாயம் உரக்கவும் அடுத்தது மெதுவாகவும் ஒலிக்கும், அடியில் ஒரு மெல்லிய ‘உஸ்’ ஓடிக்கொண்டே இருக்கும். மூளை அதை வடிகட்டி வடிகட்டிக் களைத்துப்போகிறது.

வாய் உலர்ந்தால் வரும் ‘டிக்’ சத்தங்கள் இன்னொரு தொல்லை. வாசிப்பாளர்கள் அதற்காகவே பதிவறையில் தண்ணீரும் பச்சை ஆப்பிளும் வைத்துக்கொள்கிறார்கள். எதிர்த் தவறும் உண்டு. மூச்சுச் சத்தம் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டால் மூச்சே விடாத ஒருவர் பேசுவது கேட்டு, நமக்கு மூச்சு முட்டும். ஒலியைக் கூட்டி வைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

19. இப்ப கம்ப்யூட்டர் குரலே நல்லா வாசிக்குதே, மனுஷங்க எதுக்கு?

நன்றாக ஒலிக்கிறது என்பது உண்மை. ஆப்பிள் 2023 தொடக்கத்தில் இயந்திரக் குரலில் ஒலிநூல்களை வெளியிட்டபோதே குரலில் பெரிய குறை தெரியவில்லை. சமையல் குறிப்பு, கையேடு, யாரும் பணம் செலவழித்துப் பதிவு செய்யாத பழைய நூல் இவற்றுக்கு நான் அதை வரவேற்கிறேன். பார்வையற்ற ஒருவருக்கு இயந்திரக் குரலிலாவது புத்தகம் கிடைப்பது, கிடைக்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

கதையில்தான் இடறுகிறது. இருநூறு பக்கத்துக்குப் பிறகு வெளிப்படப்போகும் ஒரு பொய்யை, மனித வாசிப்பாளர் முன்கூட்டியே படித்திருப்பார். முதல் அத்தியாயத்தில் அந்தப் பொய்யைச் சொல்லும் பாத்திரத்தின் குரலில், முதல் தடவை கேட்பவர் கவனிக்காத அளவுக்கு, ஒரு சிறு தயக்கத்தை வைப்பார். இரண்டாம் தடவை கேட்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் எனக்குப் பெரிது. இயந்திரக் குரலில் நான் கேட்டவரை ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரியாக இருக்கிறது, இப்படி தூரத்தை நினைத்து வைத்த தயக்கம் ஒன்றுகூட இல்லை. எந்தக் குரல் வாசித்தது என்பதை விற்பவர்கள் தெளிவாக எழுத வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

20. பாதியில நிறுத்திட்டேன். தப்பு புத்தகத்துலயா, வாசிச்சவர்கிட்டயா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

அலுத்துப்போன அந்த இடத்தை அச்சிலோ மின்நூலிலோ நான்கு பக்கம் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு வேகமாக ஓடினால் வாசிப்பில்தான் பிரச்சினை. அங்கும் தேங்கினால் எழுத்து. இரண்டும் இல்லாமல், கேட்ட நேரம் சரியில்லாமலும் இருக்கலாம். களைப்பான நாளில் எந்தக் குரலும் எடுபடாது. அபிப்பிராயம் எழுதுவதாக இருந்தால் நூலுக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று என்று பிரித்து எழுதுங்கள். வாசிப்பு பிடிக்காததற்காக எழுத்தாளருக்கு மதிப்பெண் குறைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வாசிப்புதான் காரணம் என்று தெரிந்தால் தயங்காமல் அச்சுக்கு மாறுங்கள். மாறாக, ஒரு புத்தகம் குரலாலேயே பிடித்துப்போனால் அந்த வாசிப்பாளரின் பெயரைக் குறித்து வையுங்கள். செயலியில் எழுத்தாளர் பெயரைத் தட்டுவதுபோல அவர் பெயரையும் தட்டினால் வாசித்த எல்லாப் புத்தகங்களும் வரும். நானாகத் தேடியிருந்தால் கையில் எடுத்தே இருக்காத பல நூல்கள் எனக்கு அந்த வழியாகத்தான் கிடைத்தன.